வாசகர் கேள்வி: ஆடிக்காத்துக்கு எந்த டிரைவர் டிஸ்க்?

கேள்வி: அண்ணாச்சி, கனடாவுல அஞ்சு வருஷம் வேலை பாத்தப்போ டிஸ்க் கோல்ஃப் (தட்டை எறிஞ்சு கூடையில போடுற ஆட்டம்) பழகுனேன், இப்போ ஊரோட வந்தாச்சு. வலதுகை பேக்ஹேண்ட் (கையை மாருக்குக் குறுக்கால இழுத்து எறியிறது), இன்னோவா கம்பெனியோட வ்ரெய்த்ங்கிற டிரைவர் (தூரமா எறியிற டிஸ்க்) வச்சு 110 மீட்டர் வரைக்கும் எறிவேன். அங்க நேரா போயி கடைசியில இடது பக்கம் இறங்குன அதே டிஸ்க், இங்க மேற்க பாத்து எறிஞ்சா வலது பக்கம் புரண்டு அப்படியே போயிடுது, திரும்பி வரதே இல்ல. ஸ்பீடு 13 உள்ள பாஸ்ங்கிற டிஸ்க் வாங்குனா சரியாகுமா?
(ஒரு வாசகர், தோவாளை)

பதில்: தம்பி, உங்க கையில ஒரு குறையும் இல்ல, குறை ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்துல இருக்கு. முப்பந்தல்ல அத்தனை காத்தாடிய சுத்த வைக்கிற காத்து உங்க டிஸ்கை மட்டும் சும்மா விட்டுருமா? கணக்கு ரொம்ப சிம்பிள், நீங்க 95 கிலோமீட்டர் வேகத்துல எறியிறீங்க, எதிர்காத்து 30 வருதுன்னு வைங்க, டிஸ்குக்கு 125-ல பறக்குற மாதிரிதான் தோணும், வேகம் கூடக் கூட டர்ன், அதாவது உங்க எறியில வலது பக்கம் சாயிறது, கூடும், அதான் புரளுது. ஊர்ல காத்தில்லாத காலையில அதே வ்ரெய்த எறிஞ்சு பாருங்க, கனடாவுல போன மாதிரியே போகும்.

இப்போ டிஸ்கோட நாலு நம்பரை பாருங்க, வரிசையா ஸ்பீடு, கிளைடு (மிதக்குறது), டர்ன், ஃபேட் (உங்க எறியில கடைசியா இடது பக்கம் இறங்குறது). வ்ரெய்த் 11, 5, -1, 3. பாஸ் 13, 5, -1, 3. ஸ்பீடு மட்டும்தான் மாறுது, டர்னும் ஃபேடும் ஒண்ணுதான். 13-ன்னா கொஞ்சம் நேரா நிக்கும், இல்லேங்கல, ஆனா அதோட ரிம் (பிடிக்கிற விளிம்பு) அகலம் 2.5 சென்டிமீட்டர், விரல் குட்டையா இருந்தா பிடி நழுவும், வேர்த்த கைன்னா சொல்லவே வேண்டாம். நம்ம ஊரு புழுக்கத்துல துண்டு இல்லாம நானே எறிய மாட்டேன். நீங்க பாக்க வேண்டியது மூணாவது நம்பரும் நாலாவது நம்பரும்தான். டர்ன் 0, ஃபேட் 3 இல்லன்னா 4 உள்ளதா எடுங்க. டிஸ்க்ராஃப்ட் ஃபோர்ஸ் 12, 5, 0, 3, இன்னோவா எக்ஸ்கேலிபர் 12, 5, 0, 4. நீங்க எறியிற தூரத்துக்கு 12 தாங்கும். 100 மீட்டர் தாண்டாதவங்க இதை வாங்குனா பாதியிலயே இடது பக்கம் குத்திட்டு விழும், அவங்களுக்கு ஃபயர்பேர்டு மாதிரி ஸ்பீடு 9 போதும். நீங்க ஃபோர்ஹேண்டும் (பக்கவாட்டுல சுண்டி எறியிறது) எறிவீங்கன்னா கண்ணை மூடிட்டு எக்ஸ்கேலிபர் எடுங்க, ஃபோர்ஹேண்டுல டிஸ்க் கையை விடும்போதே ஆட்டம் கூட இருக்கும், அதைத் தாங்க ஓவர்ஸ்டேபிள், அதாவது லேசுல புரளாத டிஸ்க்தான் வேணும்.

இன்னொண்ணு, பேரு ஒண்ணா இருந்தா டிஸ்கும் ஒண்ணுன்னு நெனைக்காதீங்க, கேட்டீங்களா. நான் ஒரு தடவை ஆன்லைன்ல 175 கிராம்னு ஆர்டர் போட்டு வந்தது 168, மேல கவுத்து வச்ச சட்டி மாதிரி டோம். பரவால்லன்னு எதிர்காத்துல எறிஞ்சேன், புரண்டு போயி குளத்துல தாமரைக்கு நடுவுல விழுந்து முங்கிருச்சு, இன்னைக்கு வரைக்கும் அங்கதான் கெடக்கு. அதனால பெட்டி வந்ததும் சமமான மேசையில வச்சு கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி பாருங்க, மேல்பக்கம் தட்டையா இருக்கணும். அப்புறம் ரிம் ஓரத்துல டிஸ்கை வார்க்குற ரெண்டு அச்சும் சேர்ற கோடு ஒண்ணு ஓடும், விரலை ஓட்டுனா தெரியும், அந்தக் கோடு உயரமா இருந்தா எதிர்காத்துல நிக்கும், கீழ இருந்தா சீக்கிரம் புரளும். எடை 173-ல இருந்து 175 வரைக்கும்.

பிளாஸ்டிக் விஷயத்துல காசு பாக்காதீங்க. இன்னோவால சாம்பியன் மாதிரி கெட்டியானது எடுங்க, டிஎக்ஸ் பிளாஸ்டிக்னா நம்ம ஊரு வெட்டுக்கல்லுல நாலு தடவை மோதுனா ஓரம் பிஞ்சு அண்டர்ஸ்டேபிள் (சீக்கிரம் புரளுறது) ஆயிடும். வெயில்ல நிக்கிற கார்ல மட்டும் எதையும் வச்சுட்டு போகாதீங்க, வளைஞ்சிரும்.

பழைய வ்ரெய்த தூக்கிப் போட்டுறாதீங்க தம்பி! கிழக்க பாத்து எறியும்போது காத்து பின்னால இருந்து தள்ளும், டிஸ்குக்கு காத்தோட வேகம் கொறைஞ்சு சீக்கிரமே இறங்கப் பாக்கும், அப்போ அடிபட்டு தேஞ்ச வ்ரெய்த்தான் கொஞ்சம் உயரமா விட்டா அழகா மிதந்து போகும். ஆடு மேய்க்கிறவங்க, தோப்புல வேலை செய்யிறவங்க யாராவது இருக்காங்களான்னு பாத்துட்டு எறியுங்க, 175 கிராம் அந்த வேகத்துல தலையில பட்டா விளையாட்டு இல்ல.

கேள்வி: காத்துக்கு எடை கூடுனா நல்லதுன்னா 180 கிராம் டிரைவர் ஏன் கிடைக்க மாட்டேங்குது?
(ஒரு வாசகர், கருங்கல்)

பதில்: பிடிஜிஏ, அதாவது டிஸ்க் கோல்ஃப் சங்கத்தோட விதி அப்படி. விட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராம்தான் அனுமதி. டிரைவர் விட்டம் 21.1 சென்டிமீட்டர் அளவு, பெருக்கிப் பாருங்க, 175 வரும். மிட்ரேஞ்ச் (நடுத்தர தூரத்துக்கு எறியிற) டிஸ்க் கொஞ்சம் அகலம், அதான் அதுல 180 கிடைக்குது.