வெள்ளை ஃபின்ச் ஜோடி வாங்கி இரண்டு மாதம் ஆகியும் முட்டை இடவில்லை, என்ன செய்வது?

வெள்ளை நிற ஜீப்ரா ஃபின்ச் ஜோடி வாங்கி இரண்டு மாதமாகிறது, கூட்டுக்குப் பானை கட்டியாயிற்று, தேங்காய் நாரும் போட்டாயிற்று, முட்டை மட்டும் வரவில்லை, லாபத்துக்காக வளர்க்கவில்லை, ஆனாலும் சீக்கிரம் முட்டையிட ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத உட்கார வைத்தது. தயவுசெய்து மருந்து எதையும் கொடுக்காதீர்கள். ஃபின்ச் முட்டையிடத் தாமதிப்பது பெரிய சிக்கலே இல்லை. இடத் தொடங்கிய பிறகு நிறுத்தாமல் இடுவதுதான் சிக்கல். அதை நான் ஒரு பறவையின் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் உங்களிடம் இருப்பது ஜோடிதானா என்று பாருங்கள். சாம்பல் நிற ஃபின்ச்சில் சந்தேகமே வராது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் கறுப்பு வரி, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு எல்லாம் இருக்கும். முழு வெள்ளையில் இவை எதுவும் தெரியாது. அலகின் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய ஆரஞ்சு. கடைக்காரர்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். அலகைவிட உறுதியான அடையாளம் பாட்டு. ஆண் மட்டும்தான் பாடும். பெண் கூப்பிடும், பாடாது. இரண்டும் வளர்ந்த பெண்ணாக இருந்திருந்தால் இந்நேரம் கூமுட்டையாவது இட்டிருக்க வாய்ப்புண்டு. ஒன்றுமே வரவில்லை என்பதால் இரண்டும் ஆணாக இருக்கலாம், அல்லது வயது நிரம்பாதவையாக இருக்கலாம். மூன்று மாதத்திலேயே இவை முட்டையிடத் தொடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆறு மாதமாவது ஆகட்டும் என்று காத்திருப்பதுதான் பெண் பறவைக்கு நல்லது. இன்னொன்று, கூண்டு ஆள் நடமாடும் வழியில் தொங்குகிறதா? அப்படியானால் சுவர் ஓரமாக, முகத்துக்கு நேர் உயரத்தில் மாற்றி வையுங்கள். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இவ்வளவுதான். இனி எழுதுவது என் கதை. நீளமாக இருக்கும்.

ஈரோடு பக்கம் ஒரு சிறிய ஊரில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். 2016 ஆடி மாதம், எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் அடம்பிடித்ததால் ஒரு சாம்பல் ஜோடி வாங்கினேன். விலை 500 ரூபாய். தையல் இயந்திரத்துக்கு எதிரே ஜன்னலோரம் கூண்டு. புரட்டாசியில் முதல் ஈடு, அதாவது ஒரு தடவையில் சேர்த்து இடும் முட்டைகள்: ஐந்து முட்டை, சுண்டு விரல் நுனி அளவில், சுண்ணாம்பு வெள்ளையாக. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. ஒன்று வெளியே வர, மற்றது உள்ளே போகும். பதின்மூன்றாம் நாள் இரண்டு குஞ்சு. மற்ற மூன்றும் கூமுட்டை. எங்கள் வீட்டில் அன்று பாயசம்.

மூன்றாம் நாள் காலை ஒரு குஞ்சு கூண்டின் தரையில் சில்லென்று கிடந்தது. உள்ளங்கையில் பொத்தி ஊதி ஊதிச் சூடேற்றினேன். அசைந்தது. பானைக்குள் வைத்தேன். மாலையில் அதுவும், அதன் உடன்பிறப்பும் கீழே கிடந்தன. இரண்டும் பிழைக்கவில்லை. தாய்க்குப் பாசமில்லை என்று அன்று கோபப்பட்டேன். உண்மையில் நானும் மகளும் மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பானைக்குள் எட்டிப் பார்த்திருந்தோம். புதிதாகக் குஞ்சு பொரித்த பறவைகள் அப்படித் தொந்தரவு பட்டால் குஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டுவிடும். காய்ந்த தினையைத் தவிர வேறு சத்தான இரை இல்லாவிட்டாலும் அப்படிச் செய்யும். நாங்கள் இரண்டு தவறையும் செய்தோம்.

அடுத்த ஈட்டில் பார்ப்பதை நிறுத்தினோம். அவித்த முட்டையை ஓட்டோடு மசித்துத் தினமும் ஒரு ஸ்பூன் வைத்தோம், முளைகட்டிய தினை வைத்தோம். நான்கு குஞ்சு வளர்ந்தது. பத்தாம் நாளுக்கு மேல் பானைக்குள்ளிருந்து வரும் அந்தக் கிறீச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அந்த மகிழ்ச்சி தெரியும். இருபது நாளில் ஒவ்வொன்றாகப் பானை வாயில் வந்து உட்கார்ந்தன, கறுத்த அலகும் குட்டை வாலுமாக. மகள் ஒரு நோட்டுப் போட்டாள். தேதி, முட்டை எண்ணிக்கை, பொரித்தது, வளர்ந்தது. வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் அந்த நோட்டை நான்தான் எடுத்துக் காட்டினேன்.

மூன்றாம் ஈட்டுக்குக் கூடு கட்ட, வெட்டிப்போட்ட கலர் நூல்களை அள்ளிப் போட்டேன். என் தொழிலில் அதற்குப் பஞ்சமில்லை. கூடு அழகாகத்தான் வந்தது. அதில் ஒரு குஞ்சின் காலில் நூல் சுற்றி, சதைக்குள் இறங்கி, நான் கவனிப்பதற்குள் பாதம் கறுத்துவிட்டது. பிறகு அந்தப் பாதமே உதிர்ந்தது. அந்தக் குஞ்சு ஒற்றைக் காலோடு வளர்ந்தது. நூல், பஞ்சு, தலைமுடி எதையும் போடாதீர்கள். தேங்காய் நாரைக்கூட விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் போட வேண்டும். காய்ந்த புல் எல்லாவற்றையும்விட நல்லது.

நான்காம் ஈடும் நடந்தது. இடையில் ஒரு வாரம்கூட ஓய்வில்லை. குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்த கையோடு தாய் அடுத்த முட்டைக்கு உட்கார்ந்துவிடும். நான் அதைப் பெருமையாக நினைத்தேன். ஏழு மாதத்தில் நோட்டில் 23 முட்டை, 11 குஞ்சு. சுண்ணாம்புச் சத்துக்காகக் கொத்தித் தின்னத் தொங்கவிட்டிருந்த கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) தேய்ந்து தீர்ந்து இரண்டு மாதமாகியிருந்தது. கல்யாண சீசன், ரவிக்கை வேலை குவிந்து கிடந்தது, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

2017 பங்குனியில் ஒரு காலை. ஐந்தாம் ஈட்டில் இரண்டு முட்டை ஏற்கெனவே பானையில் இருந்தது. பெண் பறவை கூண்டின் தரை மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடியது. வயிறு வீங்கியிருந்தது. மூன்றாவது முட்டை உள்ளே சிக்கிக்கொண்டது. உடம்பில் சுண்ணாம்புச் சத்து வற்றினால் முட்டை ஓடு மென்மையாகிவிடும், தள்ளுவதற்குத் தசைக்கும் வலு இருக்காது. பல்பு போட்டுச் சூடு கொடுத்தேன். பிறகு அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் நல்ல மனிதர், அவர்மீது எனக்குக் குறையில்லை. அந்தப் பறவையின் எடையே பன்னிரண்டு கிராம்தான். மாடும் ஆடும் பார்த்த கையோடு அதைத் தொடவே அவர் பயந்தார். வீடு திரும்பும் வழியில் பெட்டிக்குள் அசைவு நின்றுவிட்டது. அன்றைய தேதியில் மகள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. அதன் பிறகும் எழுதவில்லை.

பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினேன். இந்தப் பறவையின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை கட்டும்போது விடாமல் குஞ்சு பொரிக்கும். நிலம் காய்ந்ததும் தானாக நிறுத்திவிடும். நம் கூண்டில் என்றைக்கும் தண்ணீர், என்றைக்கும் தினை. அதன் கணக்கில் மழைக்காலம் முடிவதே இல்லை. கூண்டுக்குள் கோடையை நாம்தான் கொண்டுவர வேண்டும். பானையை எடுத்துவிட வேண்டும். இப்போது என் வீட்டில் ஆண்டுக்கு இரண்டே ஈடு. புரட்டாசியில் பானை ஏறும், தை முடிவதற்குள் இறங்கும். கத்திரி வெயிலில் குஞ்சு பொரிக்க விட்டதே இல்லை. பானையை எடுத்தும் தீனிக் கிண்ணத்தில் முட்டையிடும் பிடிவாதக்காரிகள் உண்டு. அவற்றை ஆணிடமிருந்து பிரித்து, முட்டைத் தீனியையும் நிறுத்திவிடுவேன்.

"கூண்டில் அடைப்பதே பாவம், அதில் அக்கறை வேறா" என்று இதன் கீழே எழுத வருபவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. வெளியே விட்டால் அன்றைக்கே காக்கைக்கு இரையாகும். நம் வயல்களில் திரியும் சில்லைக் குருவிகள் கதை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அவற்றைப் பிடித்துச் சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசி, "கலர் ஃபின்ச்" என்று சந்தையில் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். வாங்குகிறவர்கள் இருக்கும்வரை வலை விரிக்கிறவர்களும் இருப்பார்கள்.

லாபத்துக்காக வளர்க்கவில்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: 500 கொடுத்து ஜோடி வாங்கிய அதே கடையில், பிறகு நான் கொண்டுபோன ஜோடிக்குக் கிடைத்தது 150.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். 2019 ஐப்பசியில், டெங்குக் காய்ச்சல் நேரத்தில், தெருவில் கொசுப் புகை அடித்தார்கள். முன்னறிவிப்பு கிடையாது. ஜன்னலைச் சாத்துவதற்குள் அறை முழுவதும் புகை. மறுநாள் காலை பானையில் மூன்று குஞ்சும் இறந்து கிடந்தன. புகைதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அடைமழைக் குளிரும் சேர்ந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆறவில்லை. எங்கள் வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து இரண்டு ஆண்டுகளாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. மூன்று மனு கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ரசீது தந்தார்கள், ஆள் வரவில்லை. கொசு பிறக்கும் இடத்தை அள்ளாமல், பிறந்த பிறகு புகை அடித்து என்ன பயன்? பக்கத்து வீட்டு ஆத்தா அந்த ஆண்டு பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற இடத்தில் சாக்கடை நாற்றம். வரி மட்டும் தேதி தவறாமல் கேட்டு வந்துவிடுகிறார்கள். ஃபின்ச் கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கேயாவது எழுதத்தான் வேண்டும்.

உங்கள் வீட்டிலும் கொசுவத்திச் சுருளைக் கூண்டு இருக்கும் அறையில் ஏற்றாதீர்கள். கூண்டைத் தாங்கும் ஸ்டூலின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஒரே இரவில் எறும்பு ஒரு பானைக் குஞ்சுகளை முடித்துவிடும். தீபாவளி இரவில் கூண்டை மெல்லிய துணியால் மூடி, ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். வெடிச் சத்தத்தில் இருட்டுக்குள் பதறி வெளியே பறந்த தாய்க்கு, திரும்பப் பானை வாயைக் கண்டுபிடிக்கத் தெரியாது. கடல் நுரை தீர்வதற்கு முன்பே அடுத்ததை வாங்கி வைத்துவிடுங்கள்.

அந்தப் பெண் பறவை இறந்தபோது நான்காம் ஈட்டின் மூன்று குஞ்சுகள் பானையை விட்டு வெளியே வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. தானாகப் பொறுக்கித் தின்னத் தெரியாத வயது. இவையும் போய்விடும் என்றே நினைத்தேன். ஆண் பறவை தனியாளாக மூன்றுக்கும் ஊட்டியது. விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தீனிக் கிண்ணத்துக்கும் குச்சிக்குமாகப் பறந்துகொண்டே இருந்தது. இரவில் மூன்றையும் ஒட்டி உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரத்தில் மூன்றும் தாமாகத் தின்னத் தொடங்கின. அதுவரை நான் ரவிக்கை தைத்த நேரத்தைவிட அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

ஆண் ஃபின்ச் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பாட்டுத்தான். அதைக் குஞ்சுப் பருவத்தில் தன் தகப்பனிடம் கேட்டுப் படிக்கும், பிறகு வாழ்நாள் முழுவதும் மாற்றாது. எங்கள் ஆணின் பாட்டு கடைசியில் ஒரு சொடுக்கோடு நிற்கும், தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினால் வருமே, அது போல. அது 2020இல் இறந்தது. அது தனியாக வளர்த்த மூன்றில் ஒன்று ஆண். அதே பாட்டு, அதே சொடுக்கு. இப்போது ஜன்னலோரம் பாடுவது அந்த மகனின் மகன். வேலூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது மகள் போனில் பேசிக்கொண்டே, "கொஞ்சம் இரும்மா, அது பாடட்டும்" என்பாள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். ஒரு வாரம் பானையைக் கழற்றி வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கு முன்பு கூண்டுப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்காருங்கள். ஒன்று பாடுகிறதா, இரண்டும் பாடுகின்றனவா என்று கேளுங்கள். இரண்டும் பாடினால் கடையில் ஒன்றை மாற்றிக் கேளுங்கள். ஒன்று மட்டும் பாடினால் பானையைத் திரும்பக் கட்டிவிட்டு விட்டுவிடுங்கள், அவற்றுக்கு நேரம் தெரியும். முட்டை வந்த பிறகு, எத்தனையாவது ஈடு என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.