பந்தயத் திடல் மூடப்படும்போது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா ஜாக்கியாகவும் பிறகு டிரெய்னராகவும் இருந்த ரேஸ் கோர்ஸை மூடப்போகிறார்கள். மரபிடமாக அறிவிக்கக் கோரி மனு எழுதுகிறோம். குடும்ப நினைவுகளுக்கு அதில் மதிப்பு உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1979-ல் உருவான பர்ரா சாசனம் (மரபிடங்களைக் காப்பதற்கான வழிகாட்டி), ஓர் இடத்தின் மதிப்பை எடைபோட அழகு, வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பையும் அளவுகோலாக வைக்கிறது. மக்களுக்கு அந்த இடத்தோடு இருக்கும் பிணைப்புதான் சமூக மதிப்பு. அதைக் கட்டடத்தின் வரைபடம் காட்டாது, உங்களைப் போன்ற குடும்பங்கள்தான் காட்ட முடியும். ஆனால் "தாத்தா இங்கே குதிரை ஓட்டினார்" என்று மட்டும் எழுதினால் அது உணர்ச்சியாகவே நின்றுவிடும். யார், எந்த ஆண்டு, திடலின் எந்த மூலையில் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சான்றாகும்.

திடலின் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு நினைவுக்கும் ஓர் எண் கொடுத்து, அது நடந்த இடத்தில் அதே எண்ணைக் குறியுங்கள். ஜாக்கிகளை எடைபோடும் அறை, லாயங்கள், லாடம் அடிக்கும் கொட்டகை, குதிரைக்காரர்கள் குடியிருந்த வரிசை, காலைப் பயிற்சி நடந்த மணல் வட்டம் ஆகியவற்றைத் தவறாமல் சேருங்கள். பெரும்பாலான மனுக்கள் பார்வையாளர் மாடமான கிராண்ட் ஸ்டாண்டை மட்டுமே வர்ணிக்கின்றன. அதனால் முகப்பு பிழைத்து, திடல் மனைகளாகப் போய்விடுகிறது. இது பெரிய தவறு. பந்தயத் திடலில் முதலில் காக்க வேண்டியது ஓடுதளத்தின் வடிவத்தைத்தான். இங்கிலாந்தின் செஸ்டரில் 1539-லிருந்து பந்தயம் நடக்கும் திடல், டீ ஆற்றின் வளைவுக்கும் பழைய நகர மதிலுக்கும் இடையில் அடங்கியிருக்கிறது. அந்த வளைவு இல்லாமல் அங்கே வரலாறே இல்லை.

அந்த வடிவத்தைப் பதிவு செய்ய, உள் ரெயிலை (ஓடுதளத்தின் உள்பக்க வேலி) ஒட்டிச் செல்பேசியின் ஜிபிஎஸ்ஸோடு ஒரு சுற்று நடங்கள். சில மீட்டர் பிழை வரும், வடிவத்துக்கு அது போதும். திருப்பங்களின் சரிவுக்கு அது போதாது. வேகமாகத் திரும்பும் குதிரை வெளியே தள்ளப்படாமலிருக்க, திருப்பத்தின் வெளி ஓரத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். மண்ணைச் சமப்படுத்தினால் முதலில் அழிவது இதுதான். சர்வேயரை வைத்து 20 மீட்டருக்கு ஒருமுறை உள் ரெயில், நடு, வெளி ரெயில் என மூன்று புள்ளிகளில் தரையின் உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். தூரக் கம்பங்களை, பந்தயம் முடியும் இடத்திலுள்ள வின்னிங் போஸ்ட்டிலிருந்து பின்னோக்கி அளக்க வேண்டும். பந்தயத் தூரத்தின் அலகான ஒரு ஃபர்லாங் என்பது 201.168 மீட்டர். படங்களைக் காலையிலோ மாலையிலோ எடுங்கள். சாய்வெயிலில்தான் தரையின் மேடு பள்ளம் தெரியும்.

மூடிய பிறகு திடலை வாகன நிறுத்தமாக விடுவதை எதிர்த்து உடனே கடிதம் கொடுங்கள். லாரிகளின் எடையில் மண் இறுகி, அடியிலுள்ள வடிகால் குழாய்கள் நொறுங்கும், பிறகு மழைநீர் நின்று புல்வேர் அழுகும். கிராண்ட் ஸ்டாண்டில் முதல் வேலை மழைநீர்க் குழாய்களைச் சுத்தம் செய்வது. அவை அடைத்தால் நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் நோய் மறையுமே தவிர நிற்காது.

கேள்வி: பழைய பந்தயப் படங்கள் பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டன. எடுப்பது எப்படி?

பதில்: எடுப்பதற்கு முன் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். 600 டிபிஐ, டிஃப் கோப்பு. பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே விட்டு, அறுப்பதுபோல் மெதுவாக இழுங்கள். படம் வளைந்தாலோ மேற்பரப்பு உரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். தாளைச் சுற்றி வெட்டி, பசையோடு வைத்துக்கொள்வதே நல்லது. ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்கவே கூடாது, கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பிவிசி உறைகள் வேண்டாம், பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளில் வையுங்கள்.

யார் முதலில் வந்தது என்று முடிவுசெய்ய எடுக்கும் ஃபோட்டோ ஃபினிஷ் படங்கள் இருந்தால் ஓரங்களைக் கத்தரிக்காதீர்கள். அந்தக் கேமரா வெற்றிக் கோட்டை மட்டும் ஒரு மெல்லிய பிளவின் வழியே பார்த்து, கோட்டைக் கடப்பவற்றை வரிசையாகப் பதிக்கிறது. படத்தில் இடமிருந்து வலம் என்பது தூரமல்ல, நேரம். கால்கள் நீண்டோ வளைந்தோ தெரிவது அதனால்தான், படம் கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். பந்தய எண்ணும் தேதியும் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கும். வெப்பத்தாளில் அச்சான பந்தயச் சீட்டுகளை இன்றே ஸ்கேன் செய்யுங்கள். அவற்றின் எழுத்து வெறுமையாக மங்கிவிடும், மீட்பது கடினம்.

கேள்வி: அப்பாவின் பட்டு ஜாக்கி சட்டை மடிப்புகளில் கிழிகிறது. துவைத்துத் தைத்து ஃபிரேம் போடலாமா?

பதில்: துவைக்கவே கூடாது. சிவப்புச் சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்கினால் திரும்ப எடுக்க முடியாது. பழைய பட்டுக்குக் கனமும் பளபளப்பும் வர வெள்ளீய உப்புகளில் ஊறவைக்கும் வழக்கம் இருந்தது. அந்த உப்புதான் இழைகளை நொறுக்குகிறது. அப்படிப்பட்ட துணியில் ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் புதிய கிழிசலாகும்.

சட்டையின் மேல் நைலான் வலை விரித்து, வாக்குவம் கிளீனரின் மிகக் குறைந்த வேகத்தில் தூசியை எடுங்கள். அமிலமற்ற டிஷ்யூ தாளை உருட்டி கைகளுக்குள்ளும் மடிப்புகளுக்குள்ளும் வைத்து, அகலமான பெட்டியில் படுக்கவையுங்கள். ஹேங்கர் வேண்டாம், அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது. காட்சிக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவுக்கு மேல் வெளிச்சம் கூடாது, வருடம் முழுதும் வைக்கவும் கூடாது. சுவரில் நல்ல புகைப்படத்தை மாட்டி, சட்டையை இருட்டில் வைப்பதையே நாங்கள் பரிந்துரைப்போம்.

கேள்வி: பெரியப்பாவுக்கு நிறைய ஞாபகம் இருக்கிறது, ஆண்டுகள்தான் குழம்புகின்றன. படங்களிலும் தேதி இல்லை.

பதில்: ஆண்டைக் கேட்காதீர்கள், குதிரையைக் கேளுங்கள். பெயர் மட்டும் போதாது, ஒரே பெயர் சில காலம் கழித்து வேறு குதிரைக்கும் வைக்கப்படும். தகப்பன், தாய்க் குதிரைகளின் பெயரையும் கேட்டால் குதிரைகளின் வம்சப் பதிவேடான ஸ்டட் புக்கில் பிறந்த ஆண்டு கிடைக்கும். "அது மூணு வயசுல ஜெயிச்சது" என்று அவர் சொன்னால் கணக்கு முடிந்தது. பிறந்த மாதம் எதுவானாலும் பந்தயக் குதிரைக்கு வட அரைக்கோளத்தில் ஜனவரி 1-லும், ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1-லும் ஒரு வயது கூடும்.

படத்தில் ஜாக்கி உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அங்கவடியை உயர்த்தி, குதிரையின் கழுத்தின் மேல் குனிந்து ஓட்டும் முறையை அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1890-களின் இறுதியில் இங்கிலாந்தில் பரப்பினார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் படம் பெரும்பாலும் அதற்கு முந்தையது. பந்தயம் தொடங்கும் இடமும் உதவும். பிரிட்டனில் குதிரைகள் புறப்படும் கூண்டு வரிசையான ஸ்டார்ட்டிங் ஸ்டால் 1965-ல்தான் வந்தது, அதுவரை நாடாத் தடுப்புதான்.

பேச்சைப் பதியும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரு மணி நேரத்துக்கு மேல் முதியவரை இழுக்காதீர்கள். பதிவை யாருக்குக் கொடுக்கலாம் என்ற அவரது சம்மதத்தை அன்றே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குதிரை திடலுக்குள் புதைக்கப்பட்டது. நிலம் கைமாறினால்?

பதில்: லிவர்பூலின் எய்ன்ட்ரீ பந்தயத் திடலில் புகழ்பெற்ற குதிரை ரெட் ரம் 1995-ல் வின்னிங் போஸ்ட் அருகே புதைக்கப்பட்டது, அது எல்லோரும் அறிந்த இடம். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த கல்லைப் புல்டோசர் அறியாது. சர்வேயரிடம் அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை வாங்கி, மரபிட மனுவின் வரைபடத்திலும் சேருங்கள். உறுதி செய்யத் தோண்டாதீர்கள், கலைந்த மண்ணைத் தரை ஊடுருவும் ரேடார் காட்டும். நிலம் விற்கப்படுமானால், அந்த இடத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்மொழி வாக்கு அடுத்த உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.