போர்டையே மாற்றணுமா, பிராசஸர் மட்டும் போதுமா?

கேள்வி: அண்ணாச்சி, என் கம்ப்யூட்டர் 2020-ல் வாங்கியது. ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். வேலரன்ட் கேமில் நாலு பேர் ஒரே இடத்தில் மோதினால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) தடாலென்று விழுந்து படம் திக்குகிறது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கேட்டால், போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். பிராசஸரை மட்டும் மாற்றினால் போதாதா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: மூன்றையும் மாற்ற வேண்டாம் தம்பி. பிராசஸரைக்கூட இன்றைக்கே வாங்கிவிடாதீர்கள்.

முதலில் அந்த ஒற்றை ராமைக் கவனிப்போம். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல்தான், அதாவது ராமுக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரே பாதைதான். ரைசனின் வேகத்தை அது நன்றாகவே குறைத்துவிடும். அதே வகையில் இன்னொரு 8 ஜிபி போடுங்கள். போர்டில் நாலு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் 2, 4-ல் செருக வேண்டும், கையேட்டைப் பாருங்கள். அப்புறம் பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 3000 என்று அச்சிட்ட ராம் 2133-லோ 2400-லோதான் ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் கடைக்காரர் சொல்வது ஏஎம்5 (ஏஎம்டியின் புது பிராசஸர் சாக்கெட்) போர்டு என்றால், அதற்கு டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும். உங்கள் டிடிஆர்4 ராமும் வீணாகும்.

அடுத்து தூசி. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் காற்று உங்கள் ஊரில் எதை விட்டுவைக்கிறது? கேபினெட்டைத் திறந்து பிராசஸர் ஃபேனுக்கு அடியில் பாருங்கள், அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி மெத்தையாகப் படிந்திருக்கும். ஆடும்போது வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் சுத்தம் செய்து பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

இவ்வளவும் செய்தபின் ஒரு சோதனை. ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கி ஆடுங்கள். எஃப்பிஎஸ் ஏறினால் வேகத்தைக் குறைப்பது கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸருக்குக் காசு போடாதீர்கள். ஏறவே இல்லையென்றால் பிராசஸர்தான். வேலரன்ட்டில் பெரும்பாலும் அதுதான் நடக்கும். ஆனால் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், எஃப்பிஎஸ் 60-க்குக் கீழே விழாதவரை புது பிராசஸரால் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

பிராசஸர்தான் என்று உறுதியானால் ரைசன் 5 5600 வாங்குங்கள். இதிலும் 6 கோர், 12 த்ரெட்தான். ஆனால் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 16 எம்பியிலிருந்து 32 ஆகிறது, ஒவ்வொரு கோரும் வேகமானது. கேமுக்கு அதுதான் வேண்டும். மின்சாரத் தேவையும் அதே 65 வாட் வகை, பவர் சப்ளையை மாற்ற வேண்டியதில்லை.

பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பயாஸுக்கு 5600 எதுவென்றே தெரியாது. மாட்டினால் திரை கருப்பாகவே நிற்கும். அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம், அதனால் யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளன்று இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கூலரைக் கழற்றும்போதும் நிதானம் வேண்டும். காய்ந்த பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன, வளைந்தால் அம்போ. பத்து நிமிஷம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகித் தளர்த்திய பிறகு தூக்குங்கள்.

வாங்கும்போது சீல் பிரிக்காத பெட்டியாகக் கேளுங்கள். அதற்கு ஏஎம்டியின் மூன்று வருஷ வாரண்டியும் கூலரும் உண்டு. கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும் ட்ரே பிராசஸருக்கு (பெட்டியில்லாமல் தனியாக விற்பது) விற்றவர் சொல்வதுதான் வாரண்டி. எதுவானாலும் பிராசஸரின் சீரியல் எண்ணை ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.