நாலு நாள் கடலோர நடை: முழங்கால் தேய்மானத்தோடு போகலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 55. மெல்பர்னில் இருக்கும் மகள், டாஸ்மேனியாவில் பூர்வகுடி வழிகாட்டிகள் நடத்தும் ‘வூகலினா’ நடைக்கு அடுத்த மார்ச்சில் எங்களையும் கூட்டிப் போக ஆசைப்படுகிறாள். எனக்கு இடது முழங்காலில் லேசான தேய்மானம். மனைவி சுத்த சைவம். எங்களால் முடியுமா? அந்த மக்களோடு எப்படிப் பழகுவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?
– வாசகர், சென்னை

முடியும். மூட்டு மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் தாராளமாகப் போகலாம். நாலு நாள், மூன்று இரவு. லான்செஸ்டன் நகரிலிருந்து வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் வூகலினா வரும். பழைய வரைபடங்களில் அதற்கு மவுண்ட் வில்லியம் என்று பெயர். ‘மவுண்ட்’ என்றதும் மலைத்துவிடாதீர்கள், 216 மீட்டர் உயரக் குன்றுதான். கூடாரம் சுமக்கும் வேலையும் கிடையாது. முதல் இரண்டு இரவு ‘கிராகனி லூமி’ என்ற முகாமில், கருக்கிய மரப்பலகை போர்த்திய குடில்களில். மூன்றாம் இரவு லாராபூனா முனையில், 1889இல் கட்டிய கலங்கரை விளக்கத்தை ஒட்டிய காவலர் வீட்டில்.

முழங்காலுக்கு வேலை வைப்பது மூன்றாம் நாள். கடற்கரையோடு தெற்கு நோக்கிச் சுமார் 17 கிலோமீட்டர். தூரத்தைவிட மணல்தான் சிரமம். ஈரமான கெட்டி மணலில் நடந்தால் கால் புதையாது. ஆனால் கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும், கடல் உங்களுக்கு இடப்பக்கம் இருக்கும். அதாவது இடது கால் மணிக்கணக்காகத் தாழ்வான பக்கத்தில் மிதிக்கும். உங்களுக்கு வலியும் அதே காலில். இதற்குப் பயிற்சி எடுக்க உங்கள் ஊரைவிடத் தோதான இடம் இல்லை. பெசன்ட் நகரில் இறங்கி நீலாங்கரைப் பக்கமாக நடந்தால் அங்கேயும் கடல் இடப்பக்கம், சரிவும் அதே திசையில். வாரம் இரண்டு நாள், காலை வெயில் ஏறுமுன், முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு நடந்து பாருங்கள். முதலில் 4 கிலோமீட்டர், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி 12 வரை வந்தால் போதும். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் வேண்டும். நீளம் கூட்டிக் குறைக்கக்கூடியதாக வாங்கி, இடக்கைக் கோலைச் சற்று நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசைக்கு என்ன பயிற்சி என்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு இன்றே தொடங்கலாம்.

புதுக் காலணியோடு போய் இறங்காதீர்கள், கொப்புளம் நிச்சயம். கணுக்காலுக்கு மேல் மூடும் ‘கெய்ட்டர்’ உறை மணலைத் தடுக்கும். புதர்ப் பாதையில் பாம்புக்கும் அது ஒரு தடுப்பு. டாஸ்மேனியாவில் இருப்பது மூன்றே வகைப் பாம்பு, மூன்றுக்கும் விஷம் உண்டு. ஆளைக் கண்டால் அவை விலகித்தான் போகும். காலடியைப் பார்த்து நடந்தால் போதும். மார்ச் மாதம் அங்கே கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் நேரம். குளிர்காற்று அடிக்கும்போதே வெயிலும் சுட்டெரிக்கும். மழைக்கோட்டு, கம்பளி உள்ளாடை, தொப்பி, சன் ஸ்கிரீன் எல்லாம் வேண்டும். இவற்றில் எதை அவர்களே தருகிறார்கள் என்று பதிவு செய்யும்போது கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு. சைவம் என்பதைப் பதிவின்போதே எழுத்தில் சொல்லுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் மீனோ முட்டையோ வரக்கூடும், பால் சேரும், முட்டையும் மீனும் ஆகாது என்று பிரித்து எழுதுங்கள். அந்த நிலத்து உணவே இந்த நடையின் ஒரு பங்கு. வாலபி இறைச்சி, சிப்பி வகைகள், ‘யூலா’ என்ற கடற்பறவை எல்லாம் இலைக்கு வரும். யூலாவின் கறி எண்ணெய்ப் பசையோடு மீன் வாடை அடிக்கும். டாஸ்மேனியாவுக்கும் ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்கும் நடுவில் உள்ள பாஸ் நீரிணைத் தீவுகளில் அதன் குஞ்சுகளைப் பிடிப்பது இம்மக்கள் விடாமல் காத்துவரும் வழக்கம். உங்கள் மனைவி வேண்டாம் என்று சொல்வதில் தவறே இல்லை, முகம் சுளிக்காமல் சொன்னால் போதும். ஊறுகாய், பொடி கொண்டு போனால் ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். மெல்பர்னிலிருந்து டாஸ்மேனியா போவது உள்நாட்டுப் பயணம்தானே என்று மகள் வீட்டுப் பழத்தையும் கறிவேப்பிலையையும் பையில் போட்டுவிடாதீர்கள். அந்தத் தீவுக்குத் தனித் தடை உண்டு, விமான நிலையத்தில் மோப்ப நாய் நிற்கும். காலணி அடியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட வேண்டும். செடிகளைக் கொல்லும் வேரழுகல் நோய் மண்ணோடுதான் பரவுகிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. எனக்கு முழங்காலைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது. வழிகாட்டிகள் பலாவா மக்கள், டாஸ்மேனியாவின் பூர்வகுடிகள். 1876இல் ட்ருகனினி என்ற பெண் இறந்தபோது, அவரோடு இந்த இனமே அற்றுவிட்டது என்று வெள்ளையர் எழுதிவைத்தார்கள். அது பொய். வெள்ளைக்காரச் சீல் வேட்டைக்காரர்கள் பலர் பூர்வகுடிப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாஸ் நீரிணைத் தீவுகளில் வாழ்ந்தார்கள். அந்தப் பெண்கள் சிப்பி மாலை கோக்கும் கலையையும் பறவை பிடிக்கும் வழக்கத்தையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வடகிழக்குக் கரையின் தலைவர் மன்னலார்கென்னா 1835இல் ஃபிளிண்டர்ஸ் தீவில், பூர்வகுடிகளைக் கொண்டுபோய் அடைத்த வைபலென்னா முகாமில் இறந்தார். அவருடைய மகள்கள் வழியில் வந்த குடும்பங்கள் இன்றும் டாஸ்மேனியாவில் இருக்கின்றன. ஆகவே உங்கள் வழிகாட்டி வெளுத்த நிறத்தில் இருக்கலாம். “பார்த்தால் வெள்ளைக்காரர் மாதிரி இருக்கிறீர்களே”, “எத்தனை சதவீதம் பூர்வகுடி” என்ற இரண்டையும் கேட்காதீர்கள். நம்மவர்கள் வெகுளியாகக் கேட்டுவிடுவார்கள், அவர்களோ வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டு நொந்தவர்கள்.

“உங்கள் பாட்டி எந்தத் தீவு?”, “இந்தச் செடி எதற்குப் பயன்படும்?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். பெரியவர்களை அங்கேயும் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்றுதான் அழைப்பார்கள், உங்களுக்குக் கூச்சமே இருக்காது. ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினால் மீதியைத் துருவ வேண்டாம், எல்லோருக்கும் சொல்லக் கூடாதவையும் உண்டு. படமோ வீடியோவோ கேட்டுவிட்டு எடுங்கள். வழியில் மணல்மேடுகளில் சிப்பி ஓடு குவிந்து கிடக்கும். பல தலைமுறை உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது, சட்டத்தின் பாதுகாப்பிலும் இருக்கிறது. பேரனுக்கென்று ஒரு ஓட்டைக்கூட எடுக்கக் கூடாது.

இரண்டாம் நாள் முகாமிலேயே கழியும். கூடை, சிப்பி மாலை, கடற்பாசி என்று ஏதாவது கைவேலை நடக்கும், கூடவே பேச்சு. ‘இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தோம்’ என்று கணக்குப் பார்ப்பவருக்கு அது வெட்டிப்பொழுதாகத் தோன்றும். உங்களுக்கும் அப்படித் தோன்றும் என்றால் வேறு நடைகளைப் பார்ப்பது நல்லது. அதே வடகிழக்குப் பகுதியில் உள்ள பே ஆஃப் ஃபயர்ஸ் கரையில் வழிகாட்டியோடு போக மற்ற ஏற்பாடுகளும் உண்டு.

ஒரு குழுவில் பத்துப் பேர் அளவில்தான் சேர்ப்பார்கள் என்பதால் முதலில் நடைக்கு இடம் உறுதி செய்யுங்கள், அதன்பின் விசாவும் விமானமும். நடை தொடங்குவதற்கு முந்தைய இரவே லான்செஸ்டனில் தங்கிவிடுங்கள். இந்தியர்களுக்கு அங்கே அரசின் இலவச மருத்துவம் கிடையாது. காட்டிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிவரும் செலவையும், ஏற்கெனவே உள்ள மூட்டுத் தேய்மானத்தையும் ஏற்கும் பயணக் காப்பீடாகப் பார்த்து எடுங்கள். அவர்கள் அனுப்பும் உடல்நலப் படிவத்திலும் முழங்காலை மறைக்காமல் எழுதுங்கள். முன்கூட்டித் தெரிந்தால் மூன்றாம் நாள் வேகத்தை உங்களுக்கேற்ப வைத்துக்கொள்ள அவர்களுக்கும் வசதி.