ஃபைப்ரோஸ்கேன் நம்பர் ஏறிடுச்சு, இது சிரோசிஸ்லதான் போய் முடியுமா?

மும்பை செம்பூர்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரருக்கு வயசு 54, ரொம்ப வருஷமா சுகர், லிவர்ல கொழுப்பு, குடிப்பழக்கம் கிடையாது. போன வருஷம் ஃபைப்ரோஸ்கேன்ல (லிவர் எவ்வளவு விறைச்சிருக்குன்னு பாக்கற ஸ்கேன்) 9.1 கிலோபாஸ்கல், இப்போ 11.4, ரிப்போர்ட்ல எஃப்3ன்னு போட்டிருக்கு (லிவர் தழும்பை எஃப்0ல இருந்து எஃப்4 வரைக்கும் பிரிப்பாங்க, எஃப்4தான் சிரோசிஸ்). லிவர் என்சைம்கள்ல எஸ்ஜிஓடி 62, எஸ்ஜிபிடி 70, பிளேட்லெட் 1.68 லட்சம். பயாப்ஸி (ஊசியால லிவர் துணுக்கு எடுத்துப் பாக்கறது) எடுத்தே ஆகணுமா, லிவர் முழுக்க தழும்பாகற சிரோசிஸ் வர எத்தனை வருஷம் ஆகும்னு கேக்கறாங்க. இந்த தடவை காலையில இட்லி சாப்பிட்டுட்டுதான் ஸ்கேனுக்குப் போனாராம்.

அம்மா, முதல்ல அந்த இட்லி விஷயத்துக்கு வர்றேன். சாப்பிட்டதும் லிவருக்குப் போற ரத்தம் கூடும், அதனாலயே நம்பர் நிஜத்தை விட ஏறி வரும். குறைஞ்சது மூணு மணி நேரம் வெறும் வயித்துல இருந்துட்டு, முடிஞ்சா அதே மெஷின்ல, இன்னொரு தடவை எடுங்க. அதுவரைக்கும் 9.1ஐயும் 11.4ஐயும் பக்கத்துல வெச்சு பயப்படாதீங்க.

ஸ்கேன் அளக்கறது லிவரோட விறைப்பை. லிவர் செல்களை தாங்கிப் பிடிக்க நடுவுல ஒரு புரத வலை இருக்கு, நல்ல லிவர்ல அது கொசுவலை மாதிரி மெல்லிசு, ரத்தத்துல இருக்கறது சுலபமா செல்லுக்குப் போய் வரும். கொழுப்பும் வீக்கமும் வருஷக்கணக்கா இருந்தா ஸ்டெல்லேட் செல்னு ஒரு வகை செல் முழிச்சுக்கிட்டு தடிமனான கொலாஜனை, அதாவது தழும்பு நாரை, கொட்ட ஆரம்பிக்கும், அது மெல்லிசா இருந்த இடத்தை அடைச்சு, அப்புறம் இழைக்கு இழை குறுக்கால பிணைஞ்சு இறுகும். இதுல மோசமான விஷயம் என்னன்னா அந்த விறைப்பே ஸ்டெல்லேட் செல்லை இன்னும் தூண்டி விடும். அதே சமயம் கொலாஜனை கரைக்கற என்சைம்களும் லிவர்லயே இருக்கு, அடிபடறது நின்னா அதுங்க கை ஓங்கும், தழும்பு குறையும். ரொம்ப நாள் பழகி நல்லா பிணைஞ்சுபோன தழும்பு கரையறதுதான் கஷ்டம். அதனாலதான் எஃப்3லயே பிடிச்சது நல்லதுன்னு சொல்றேன்.

எத்தனை வருஷம்னு ஒருத்தருக்கு தேதி குறிச்சு சொல்ல முடியாது. வீக்கத்தோட இருக்கற கொழுப்பு லிவர்ல ஒரு ஸ்டேஜ் ஏற சராசரியா ஏழு வருஷம், வெறும் கொழுப்பு மட்டும்னா பதினாலு வருஷம்னு ஆய்வுகள் சொல்லுது, ஆனா சிலருக்கு வேகமாவே ஏறும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க அதுல முக்கியமானவங்க. ரத்த ரிப்போர்ட்டை வெச்சு தழும்போட ரிஸ்க்கை கணிக்கற ஃபிப்-4 கணக்கு போட்டுப் பாத்தேன், வயசை எஸ்ஜிஓடியால பெருக்கி, பிளேட்லெட்டையும் (ஆயிரத்துல, இவருக்கு 168) எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தையும் பெருக்கினதால வகுக்கணும், அவருக்கு 2.4 கிட்ட வருது. 1.3க்கு கீழன்னா நிம்மதி, 2.67க்கு மேலன்னா உஷார், இவர் நடுவுல நிக்கறார். இந்த மாதிரி நடு கேஸ்லதான் இஎல்எஃப்னு ஒரு ரத்தப் பரிசோதனை உதவும், வலை எவ்வளவு வேகமா கட்டப்படுது, கரையுதுன்னு காட்டற மூணு பொருளை அது அளக்குது. அந்த இஎல்எஃப் நம்பர் 11.3க்கு மேல போனா சிரோசிஸுக்கும் அதோட சிக்கல்களுக்கும் ரிஸ்க் கூடுதல்.

பயாப்ஸி எல்லாருக்கும் வேண்டாம். எடுக்கற துணுக்கு மொத்த லிவர்ல ஐம்பதாயிரத்துல ஒரு பங்குதான், ஒரு இடத்துல எஃப்2ன்னு வரும், இன்னொரு இடத்துல எஃப்3. ஸ்கேனும் ரத்தமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலைன்னா, இல்ல வேற லிவர் நோய் சந்தேகம்னா மட்டும் எடுக்கலாம். மஞ்சள் காமாலை பி, சி ரெண்டும் பாத்தாச்சான்னு மட்டும் கண்டிப்பா கேளுங்க.

எடைதான் இப்போ முக்கியமான மருந்து. உடம்பு எடையில 10 சதவீதம் குறைச்சவங்கள்ல நிறைய பேருக்கு தழும்பே பின்வாங்கினதை பயாப்ஸிலயே பாத்திருக்காங்க. 80 கிலோன்னா 8 கிலோ, அவசரம் இல்லாம ஒரு வருஷத்துல குறைக்கலாம். ஆபீஸ் விட்டு வர்ற வழியில வடா பாவ், வீட்டுல ராத்திரி ரெண்டாவது தட்டு சோறு, இதுல இருந்து ஆரம்பிங்க. குடிக்காதவர்ங்கறது பெரிய பலம், கல்யாணம் காட்சின்னு கூட தொட வேண்டாம். செமாக்ளூடைட்னு சுகருக்கும் எடைக்கும் குடுக்கற மருந்து பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க, 2025ல அமெரிக்காவுல எஃப்2, எஃப்3 லிவருக்கே அதை அனுமதிச்சிருக்காங்க, சுகருக்கும் சேர்த்து உதவும்.

உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் புடைச்சிருக்கான்னு பாக்கற எண்டோஸ்கோபி இப்போதைக்கு அவசியம் இல்ல, விறைப்பு 20க்கு கீழயும் பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு மேலயும் இருக்கற வரைக்கும் அதை தள்ளி வெக்கலாம். பிளேட்லெட் 1.5 லட்சத்துக்கு கீழ இறங்கினா அடுத்த ஸ்கேன் வரைக்கும் காத்திருக்காம டாக்டரைப் பாருங்க.