கண்மாய்க் கெண்டை ஏன் குஞ்சு பொரிப்பதில்லை?

கேள்வி: ஐயா, தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயை ஏலம் எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் கெண்டைகளை விட்டிருக்கிறோம். கோடையில் தண்ணீர் வற்றாமல் தப்பிய ரெண்டு மூணு வருஷத்து மீனை அறுத்தால் வயிறு முழுக்கச் சினை. ஆனால் ஒரு குஞ்சைக்கூடப் பார்த்ததில்லை. ஜிலேபிக் கெண்டை மட்டும் விடாமலே பெருகுகிறது. எங்கள் கண்மாயில் என்ன குறை?

பதில்: கண்மாயிலும் குறையில்லை, மீனிலும் குறையில்லை. முட்டையிடச் சொல்லி உத்தரவு வர வேண்டிய இடம் மீனின் மூளை, அந்த உத்தரவு உங்கள் கண்மாயில் வருவதில்லை, அவ்வளவுதான்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி, அதற்குக் கீழே மிளகு அளவுகூட இல்லாத பிட்யூட்டரி சுரப்பி. ஹைப்போதலாமஸ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் தருகிறது. மனித உடம்பில் அது ரத்தக் குழாய் வழியாகப் பிட்யூட்டரிக்குப் போகும், மீனிலோ நரம்பு இழைகளே நேராகச் சுரப்பிக்குள் நுழைந்து கொடுத்துவிடுகின்றன. அதை வாங்கிக்கொண்டு பிட்யூட்டரி தன் ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். முதலில் சினை வளர்கிற வேலை. சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஊறி, அது ஈரலைத் தூண்ட, ஈரல் செய்கிற மஞ்சள்கருப் புரதம் ரத்தத்தில் வந்து முட்டைக்குள் சேர்கிறது. நீங்கள் அறுத்துப் பார்த்தது இந்தக் கட்டத்தைத்தான், இதுவரை உங்கள் மீன் சரியாகவே செய்திருக்கிறது.

அடுத்த கட்டத்தில்தான் சிக்கல். முட்டை முழுசாகப் பழுத்து வெளியே வர எல்.எச். என்ற ஹார்மோன் ஒரே மூச்சில் நிறையச் சுரக்க வேண்டும். கெண்டை இனத்தில், மூளையில் ஊறுகிற டோபமைன் என்ற பொருள் அதைப் பிரேக் மாதிரி அழுத்திப் பிடித்திருக்கிறது. கட்லாவும் ரோகுவும் வட இந்திய ஆற்று மீன்கள். தென்மேற்குப் பருவத்தில் வெள்ளம் வந்து, ஆறு கரைபுரண்டு, புதுத் தண்ணீர் மேட்டு நிலத்தில் பரவும்போதுதான் அந்தப் பிரேக் விடுபடும். குஞ்சுக்கு இரை கிடைக்கிற நேரம் அது. நிற்கிற தண்ணீரில் அந்தச் செய்தி மூளைக்குப் போகாததால் முட்டை வயிற்றுக்குள்ளேயே கரைந்து உடம்போடு சேர்ந்துவிடுகிறது. வங்காளத்தில் பாங்குரா, மிட்னாப்பூர் பக்கம் மழைத் தண்ணீர் பாய்ந்து ஓடுகிற ‘பந்த்’ குளங்களில் இதே கெண்டைகள் தாமாகவே முட்டையிடும். மீன் அதே மீன், தண்ணீர் தருகிற செய்திதான் வேறு. ஜிலேபி அப்படி வெள்ளத்துக்குக் காத்திருக்கிற சாதி இல்லை, வெதுவெதுப்பான நிலைநீரே அதற்குப் போதும், முட்டையையும் வாயில் வைத்தே காப்பாற்றிவிடும்.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹிராலால் சௌத்ரி, கெண்டைக்குப் பிட்யூட்டரிச் சாறை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்று தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். வெள்ளம் வந்து மூளை செய்ய வேண்டிய வேலையை ஒரு ஊசி செய்துவிட்டது என்றால் சும்மாவா! அதுவரை வளர்ப்புக் குஞ்சுக்குப் பெரும்பாலும் ஆற்றைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது பொரிப்பகங்களில் போடுகிற ஓவாப்ரிம் ஊசியில் ரெண்டு சரக்கு: ஒன்று ஜி.என்.ஆர்.எச். போலவே செய்த மருந்து, இன்னொன்று டோம்பெரிடோன். நாம் வாந்திக்குச் சாப்பிடுகிற அதே டோம்பெரிடோன்தான், மீனில் அது டோபமைன் பிரேக்கைத் தளர்த்துகிறது. சாயங்காலம் ஊசி போட்டால் விடிவதற்குள் முட்டை.

நீங்களே ஊசி வாங்கிப் போடலாமா என்றால், வேண்டாம் என்பேன். சினை பழுக்காத மீனுக்குப் போட்டால் பயனில்லை, முட்டை வந்தாலும் ஓடுகிற தண்ணீர்த் தொட்டி இல்லாமல் குஞ்சு தங்காது. குஞ்சு வாங்குகிற காசை வீண் என்று நினைக்காதீர்கள், ஆனால் விரலளவு வளர்ந்த குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள், பொடிக்குஞ்சு பாதிக்கு மேல் கொக்குக்கும் விராலுக்கும்தான் போகும்.

கேள்வி: மண்டபத்தில் கடல் விராலுக்கு ஊசி போட்டுக் குஞ்சு எடுக்கிறார்களாமே, அந்த மீனை நம்பிச் சாப்பிடலாமா? (பாம்பன் வாசகி)

பதில்: தாராளமாகச் சாப்பிடுங்கள் அம்மா. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2010இல்தான் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கடல் விரால் குஞ்சு பொரித்தார்கள், நம் கடற்கரைக்கு அது பெருமை. ஊசி தாய் மீனுக்கும் தகப்பன் மீனுக்கும் மட்டும்தான், கூண்டில் வளர்ந்து சந்தைக்கு வருகிற குஞ்சுக்குக் கிடையாது. போடுவதும் எச்.சி.ஜி. என்கிற புரத ஹார்மோன், கர்ப்பிணிகள் உடம்பில் தானாக ஊறுவது. சில நாளில் மீன் உடம்பிலேயே சிதைந்துவிடும்.

கேள்வி: சின்னக் கொடுவா மீன் எல்லாம் ஆண் என்கிறார் எங்கள் படகு முதலாளி சம்மாட்டி. உண்மையா? (தொண்டி வாசகர்)

பதில்: உண்மைதான். கொடுவா முதலில் ஆணாகப் பழுத்து, சில வருஷம் கழித்துப் பெரிதானதும் பெண்ணாக மாறும். களவாய் மீன் இதற்கு நேர்மாறு, முதலில் பெண், அப்புறம் ஆண். உடம்பு மாறினாலும் ஆட்டிவைப்பது மேலே சொன்ன மூளை, பிட்யூட்டரி வழிதான். அதனால் முகத்துவாரத்தில் வலையில் விழுகிற பெரிய கொடுவா பெரும்பாலும் தாய் மீன். சினையோடு உயிராகக் கிடைத்தால் விட்டுவிடச் சொல்லுங்கள் உங்கள் சம்மாட்டியிடம், ஒரு மீனின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கிறது.