கனோவாவைப் பார்க்க பொசாஞோ வரை போகலாமா?

கேள்வி: குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். ரோமில் 3 நாள், பிறகு வெனிஸில் 2 நாள். எனக்கு அன்டோனியோ கனோவாவின் சிற்பங்கள் என்றால் உயிர். அவருடைய சொந்த ஊரான பொசாஞோவில் இருப்பவை வெறும் பிளாஸ்டர் நகல்கள்தான் என்று நண்பர் சொல்கிறார். அதற்காக ஒரு நாளைச் செலவழிக்கலாமா?

பதில்: தாராளமாகச் செலவழியுங்கள். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை பளிங்குச் சிலைகளுக்கு முன்பே உருவானவை. அவற்றைப் பார்த்துத்தான் பளிங்கையே செதுக்கினார்கள்.

கனோவா முதலில் கையடக்கமாக ஒரு களிமண் மாதிரி செய்வார். அப்புறம் அதையே முழு அளவில் களிமண்ணில் எழுப்பி, அச்செடுத்து, பிளாஸ்டரில் வார்ப்பார்கள். அந்தப் பிளாஸ்டர் உருவத்தின் மேல் முக்கியமான இடங்களில் எல்லாம் சின்னச் சின்ன உலோக ஆணிகளைப் பதிப்பார்கள். தூக்குக்குண்டும் கவராயமும் வைத்து ஒவ்வோர் ஆணியின் இடத்தையும் ஆழத்தையும் அளந்து பளிங்குக்கு மாற்றுவது உதவியாளர்களின் வேலை. மேலே மெல்லிய படலம் மட்டும் மிச்சமிருக்கும்படி கல்லைக் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கனோவாவின் கை. நாம் வியந்து பார்க்கும் தோலின் மென்மை அந்தக் கடைசிப் படலத்தில் அவர் கொண்டுவந்தது. இந்த வேலையை இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் செய்வார். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில், பகலில் கண்ணுக்குத் தப்பிய மேடுபள்ளமும் தெரிந்துவிடும்.

உங்கள் பயணம் ரோமில் தொடங்குவது நல்லதாகப் போயிற்று. போர்கேஸே அருங்காட்சியகத்தில் நெப்போலியனின் தங்கை பாவ்லினாவை முதலில் பாருங்கள். 1805 முதல் 1808 வரை செய்த பளிங்குச் சிலை. ரோமானியரின் காதல் தெய்வமான வீனஸாக, கையில் ஆப்பிளோடு சாய்ந்திருக்கிறார். முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். உடல் பாரத்தில் மெத்தை அழுந்தி மடிந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள், கல் என்பதே மறந்துபோகும். பிறகு பொசாஞோவில் அதே பாவ்லினாவைப் பிளாஸ்டரில் பார்த்தால், உடம்பெங்கும் கரும்புள்ளிகளாக அந்த ஆணிகள் தெரியும். ஒரு சிலை எப்படிப் பிறக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கனோவா 1757-இல் அங்கே பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கல்தச்சரான தாத்தாவிடம் வளர்ந்தார். 1822-இல் வெனிஸில் இறந்தார். ரோம் பட்டறையில் இருந்த பிளாஸ்டர்களைப் பொசாஞோவுக்குக் கொண்டுவந்து காட்சிக்கூடம் கட்டியவர் தாய் ஒன்றாகவும் தந்தை வேறாகவும் உள்ள அவருடைய சகோதரர் சர்தோரி. 1957-இல் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா சேர்த்த புதுப் பகுதியில் மூலைச் சன்னல்கள் வழியாக வெளிச்சம் நேராக உருவங்கள் மேல் விழும். ஆகவே வெயில் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். ஊரிலேயே கனோவா கட்டத் தொடங்கிய கோயிலில் அவருடைய கல்லறையும் இருக்கிறது. இதயம் மட்டும் வெனிஸ் ஃப்ராரி தேவாலயத்தில்.

பொசாஞோவில் ரயில் நிலையம் கிடையாது. வெனிஸிலிருந்து பஸ்ஸானோ தெல் கிராப்பா வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. போர்கேஸேவுக்கு முன்பதிவு கட்டாயம், உள்ளே இருக்க 2 மணி நேரம்தான் தருவார்கள். குழந்தைகள் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 2020-இல் ஒரு சுற்றுலாப் பயணி படமெடுக்க பாவ்லினா பிளாஸ்டர் மேல் உட்கார்ந்து, கால்விரல்களை உடைத்துவிட்டார்.